கேஸ்ட்ரிக் என்று சொல்லிவிட்டேன்: மகளுடன் கேமரன் மலையில் ஐந்து நாள்

இந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். வழக்கமாக இந்தத் தளத்தில் நான் எழுதுவதெல்லாம் எந்த ரயில், எவ்வளவு கட்டணம், எந்த விடுதியில் வெந்நீர் வராது என்பதைத்தான். மெல்பர்னில் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். நேரத்தையும் தூரத்தையும் பிசகாமல் சொல்லிவிடுவேன். மனிதர்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவு சாமர்த்தியம் போதாது. ஆனால் கேமரன் மலைக்கு வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர், "மகனையும் அழைத்துக்கொண்டு போகிறேன், அவன் கொஞ்ச நாளாக யாரிடமும் பேசுவதில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார். அவருக்காகத்தான் இதை முழுவதுமாக எழுதுகிறேன்.

போனது சென்ற ஜூலையில். நானும் என் மகள் கிரேஸும். அவளுக்கு வயது இருபது. என் மனைவிக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. நான் பிறந்தது பகாங் மாநிலத்தில், ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டேன். என் தங்கை ஸ்டெல்லா அங்கேயே இருக்கிறாள். அவள் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். அவர்களுடைய மகன் டேவிட்டுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? இது ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் கிரேஸ்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என்னுடன் வேலை பார்க்கும் பஞ்சாபிக்காரர் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "உன் மகள் தினமும் என் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை வருகிறாள். இறங்காமல் அப்படியே திரும்பியும் வருகிறாள். அவள் காலேஜ் அந்தப் பக்கமா?" அந்தப் பக்கம் காலேஜே கிடையாது. அந்த வருடம் வகுப்புகள் தொடங்கியதிலிருந்தே அவள் போகவில்லை. காலை 7:40க்கு நான் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பி, பஸ்ஸிலேயே பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்பியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அவளிடம் நான் பேசிய விதத்தில் பெருமைப்பட எதுவும் இல்லை.

மருத்துவர் மனச்சோர்வு என்றார், பதற்றமும் சேர்ந்திருக்கிறது என்றார். மருந்து கொடுத்தார், வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பாடத்தில் தோற்றிருக்கிறாள். அதை எங்களிடம் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் ஊருக்குப் போன் போட்டு, "கிரேஸ் பார்மசி படிக்கிறாள், அவளுக்காகத்தான் இந்த ஓட்டமெல்லாம்" என்று பெருமையடிப்பேன். அடுத்த அறையில் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியில் தொல்லை வேறு மாதிரி. "எந்த ஊர்?" என்பார்கள். மெல்பர்ன் என்றால், "அதற்கு முன்னால்?" என்பார்கள். மலேசியா என்றால், "பார்த்தால் இந்தியப் பெண் மாதிரி இருக்கிறாயே?" என்பார்கள். இந்தியாவுக்கு அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. அந்தக் கேள்வி வந்தாலே நெஞ்சு படபடக்கும் என்றாள். மனதில் உள்ளதை யார் யாரிடம் சொல்லலாம் என்று ஆலோசகர் ஒரு பட்டியல் எழுதச் சொன்னாராம். அதில் என் பெயர் இல்லை. இதைப் படிக்கும் அப்பாக்களே, அந்தத் தாளைப் பார்த்த அன்று நான் பஸ் ஓட்டியிருக்கவே கூடாது.

எங்களை மிகவும் பயமுறுத்தியது அவள் சாப்பிடாமல் போனதுதான். ஏழு கிலோ இறங்கிவிட்டாள். ஜூன் கடைசியில் ஒருநாள் தானாகவே வந்து "பசிக்குதும்மா" என்றாள். என் மனைவி அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்து தோசை ஊற்றினாள். பயணம் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டோம். மருந்தை மட்டும் தவறவிடாமல் தாராளமாகப் போகட்டும் என்றார்.

இனி வழி. புதன்கிழமை மெல்பர்னிலிருந்து கோலாலம்பூர், எட்டு மணி நேரம். அன்று கோலாலம்பூரில் தங்கினோம். கேமரனுக்கு நேரடி பஸ் இருக்கிறது, தானா ராத்தாவில் கொண்டுபோய் இறக்கிவிடும். பஸ் டிரைவராகிய நான் விடுமுறையிலும் பஸ்ஸில் போக விரும்பாததாலும், கிரேஸுக்கு இப்போதைக்குப் பஸ் என்றாலே ஒரு மாதிரி இருப்பதாலும் ரயிலைப் பிடித்தோம். வியாழன் காலை 9:05க்குக் கிளம்பி 11:10க்குத் தாப்பா ரோடு ஸ்டேஷன். நான் போனபோது டிக்கெட் ஆளுக்கு 32 ரிங்கிட். இரண்டு நாள் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். வார இறுதியில் இடம் கிடைக்காது.

ஸ்டேஷனில் ஸ்டெல்லா ஏற்பாடு செய்திருந்த வேனுடன் அதன் டிரைவர் சூசை நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேன் வாடகை 150 ரிங்கிட். ரிங்லெட் வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். தாப்பா டவுனைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும், முடியவே முடியாது. வாந்தி வருபவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். நான் வெட்கமில்லாமல் முன் சீட்டில்தான் உட்கார்ந்தேன்.

பத்தாவது வளைவில் சூசை கண்ணாடியில் கிரேஸைப் பார்த்து, "பாப்பா எந்த ஊரும்மா?" என்று கேட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"மெல்பர்ன்" என்றாள் கிரேஸ்.

"அலமா! அங்கயே நல்லா குளிருமே. அப்ப நம்ப கேமரன் குளுரு ஒனக்கு சும்மா லா" என்றார். அத்தோடு எதிரில் வந்த காய்கறி லோரிக்கு ஒதுங்கி வழிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் கிரேஸ் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "நெக்ஸ்ட் கொஸ்டின் கேக்கலப்பா" என்று கிசுகிசுத்தாள். மலை ஏற ஏற ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி வாக்கில் தோட்டத்து லயத்தில் இறங்கினோம். வரிசையாக வீடுகள், வாசல்களில் பூந்தொட்டிகள், ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு மோட்டார் சைக்கிள் அல்லது காடி என்று நாங்கள் சொல்லும் ஒரு பழைய கார். ஸ்டெல்லா ஓடிவந்து கிரேஸைக் கட்டிப்பிடித்தாள். பிடித்த கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, புள்ள என்னா இப்படி எளச்சு கெடக்குது? என்னா செய்யுது இதுக்கு?"

ரயிலில் இரண்டு மணி நேரமும் வேனில் ஒன்றரை மணி நேரமும் இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். உண்மையைச் சொல்லக்கூடாது என்று முடிவெடுக்கவில்லை. சொல்லலாம் என்றும் முடிவெடுக்கவில்லை. வாய் தானாக, "கேஸ்ட்ரிக்" என்றது.

மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; மற்றவர்கள் வயிற்றில் வாயு, எரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் கேஸ்ட்ரிக், மாமியாரோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்தாலும் கேஸ்ட்ரிக். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் லயத்தில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் அது அந்த வீட்டு விஷயம் அல்ல. வீட்டுக்கு வீடு கஞ்சி வரும். அரை மணி நேரத்தில் முதல் மங்கு வந்தது. மங்கு என்று நாங்கள் சொல்வது மூடி போட்ட எனாமல் கிண்ணத்தை. வெந்தயக் கஞ்சி. பிறகு பூண்டுக் கஞ்சி. பிறகு இஞ்சி போட்ட மீன் கஞ்சி. இருட்டுவதற்குள் ஐந்து வீட்டிலிருந்து ஐந்து மங்கு. வந்தவர்கள் எல்லாம் கிரேஸின் தலையைத் தடவி, "ஒறப்பு சேத்துக்காதம்மா, எண்ணெய் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களெல்லாம் கோழி சம்பலும் அப்பளமுமாகச் சாப்பிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு பசியெடுத்த என் மகள் வெந்தயக் கஞ்சி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை தேயிலைச் சரிவுகளைச் சுற்றிப் பார்த்தோம். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் சுற்றுலா வேன்கள் வந்துவிடும், மத்தியானம் மழை பிடித்துக்கொள்ளும். கையால் கொழுந்து கிள்ளுவதைப் படம் எடுக்கலாம் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இப்போதெல்லாம் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இயந்திரத்தைச் செடிகளின் மேலே ஓட்டிப்போகிறார்கள். செங்குத்தான இடங்களில் பை கட்டிய கத்திரி. வேலை செய்பவர்களில் தமிழர்கள் குறைவு. பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியா என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஓர் இளைஞர் கத்திரியை நிறுத்திவிட்டு கிரேஸிடம் "இந்தியா?" என்று கேட்டார். கிரேஸ் இல்லை என்று தலையாட்டி, "ஆஸ்திரேலியா" என்றாள். அவர் நம்பாமல் சிரித்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "பங்ளா. எல்லாரும் இந்தோனேசியான்னு சொல்றாங்க" என்று மலாயில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கிரேஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! அந்தப் பையனுக்கு நூறு வயது ஆயுள் கிடைக்கட்டும்.

மேலே ஒரு தேநீர்க் கடை உண்டு; பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஒரு கோப்பை 6 ரிங்கிட். அங்கேதான் கிரேஸ் கேட்டாள்.

"ஏன் கேஸ்ட்ரிக்னு சொன்னீங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். நாங்கள் வளர்ந்த காலத்தில் மனசு சரியில்லை என்றால் தஞ்சோங் ரம்புத்தான் என்று ஓர் ஊரின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வோம். அங்கே ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது. பள்ளியில் யாராவது தனியாகப் பேசிக்கொண்டு போனால், "தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸு வந்திருச்சுடா" என்று கத்துவோம். நானும் கத்தியிருக்கிறேன். உன்னை யாரும் அப்படிச் சொல்லிவிடக்கூடாது என்று பயந்துவிட்டேன் என்றேன்.

அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெல்பர்ன்ல நான் உங்ககிட்ட ஹைட் பண்ணேன். இங்க நீங்க இவங்ககிட்ட ஹைட் பண்றீங்க. அப்ப நான் பண்ணது கரெக்ட்தான?"

 மெல்பர்ன் திரும்பியதும் அவள் மறுபடியும் என்னிடம் எதையாவது மறைத்தால், எந்த முகத்தோடு ஏன் என்று கேட்பேன்? இவளை இங்கே கூட்டி வந்ததே இன்னும் ஓர் ஊரில் ஒளிந்துகொள்ள வைக்கத்தானோ என்று தோன்றியது. தேநீர் ஆறிப் போனது. நாளைக்குக் கல்யாண வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லி எழுந்துவிட்டேன். அன்று மாலையும் நான்கு மங்கு வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானா ராத்தாவில் தேவாலயத்தில் திருமணம். ரிங்லெட்டிலிருந்து 13 கிலோமீட்டர்தான், ஆனால் சனிக்கிழமை நெரிசலில் எங்களுக்கு 50 நிமிடம் பிடித்தது. மாப்பிள்ளைக்கு முன்பே பாதிரியார் வந்து காத்திருந்தார். சாப்பாடு திரும்பவும் தோட்டத்து மண்டபத்தில். லயத்து ஜனமே கூடிச் சமைத்தது. காலை ஐந்து மணிக்கே ஆண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் விறகடுப்பில் பெரிய கவா சட்டிகளை ஏற்றியிருந்தார்கள். ஆட்டுக்கறியில் மசாலா விழுந்தபோது மண்டபமே மணத்தது. கிரேஸ் சட்டியின் பக்கத்திலேயே நின்றாள். "ஒனக்கு ஆகாது தங்கம், தள்ளி நில்லு, பொக வயித்தப் பொரட்டும்" என்று அன்பாகத் துரத்திவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்குப் பந்தி. கிரேஸ் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். மற்ற எல்லா இலையிலும் நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், கத்தரிக்காய், ரசம். ஆட்டுக்கறி வாளி அவளிடம் வந்தது, நிற்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டது. அவள் கண் அந்த வாளியுடனே போனதைப் பார்த்தேன். ஸ்டெல்லா பட்டுப்புடவையோடு வேர்க்க விறுவிறுக்கத் தனியாக ஒரு மங்கு கொண்டுவந்து, மூடியைத் திறந்து, "அத்த ஒனக்குன்னே தனியா வச்சேன்" என்றாள். கஞ்சி.

கிரேஸ் கஞ்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவளுடைய தத்துப்பித்துத் தமிழில், ஆனால் ஒலிபெருக்கி வைத்த மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"அத்த, எனக்கு கேஸ்ட்ரிக் இல்ல. வயிறு நல்லா இருக்கு. மனசுதான் சிக். டிப்ரெஷன். டெய்லி மருந்து சாப்பிடறேன். அப்பா பொய் சொல்லிட்டாரு. எனக்கு ஆட்டுக்கறி வேணும்."

பக்கத்து இலைகளில் கை நின்றது. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். நான் "விளையாட்டுக்குச் சொல்றா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அதை நம்பிவிடுவாள். அவள் மட்டுமா, எல்லோருமே நம்பிக்கொள்வார்கள். கிரேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"ஆமா ஸ்டெல்லா" என்றேன். "அவ சொல்றதுதான் நெசம். நாந்தான் பொய் சொன்னேன்."

 ஸ்டெல்லா பெஞ்சில் இடம் பண்ணிக்கொண்டு கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து அவள் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அதுக்கு என்னா பத்தியம்?"

"பத்தியம்னா?"

"எதெல்லாம் சாப்புடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு?"

கிரேஸ் யோசித்தாள். "எல்லாம் சாப்பிடலாம். பியர் மட்டும் வேணாம்னு சொன்னாரு."

"அப்ப நம்ப மாமாவுக்கு அந்தச் சீக்கு வரவே கூடாது லா" என்றது பின்னால் ஒரு குரல், ஸ்டெல்லாவின் கணவரைக் காட்டி. பந்தியே சிரித்தது. ஸ்டெல்லா எழுந்து, "டேய், அந்த ஆட்டுக்கறி வாளிய இங்க கொண்டாங்கடா! புள்ள ரெண்டு நாளா கஞ்சிய குடிச்சிக்கிட்டு கெடக்குது!" என்று கத்தினாள். கிரேஸ் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். திட்டெல்லாம் எனக்குத்தான் விழுந்தது. பூண்டுக் கஞ்சி கொடுத்த அம்மாள் என் இலைக்கு முன்னால் வந்து நின்று, "பாவி, பெத்த புள்ளய கல்யாண வீட்டுல பட்டினி போட்டியே" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

எல்லாமே இப்படி நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஒருவர் கை கழுவும் இடத்தில் என்னை ஓரங்கட்டி, கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் கண்ணேறு என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். கிரேஸிடம் சொன்னபோது கண்ணை உருட்டினாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஸ்டெல்லா என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "எங்கிட்டகூட சொல்லலியேண்ணே. நாங்க என்னா சொல்லுவோம்னு நீயாவே முடிவு பண்ணிட்டே. அவ்வளவு கெட்டவங்களா நாங்க?" நான் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றேன். இருபத்தாறு வருடத்தில் அவர்களைப் பற்றி நானாகவே எத்தனை முடிவு செய்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஈரக்கையால் என் முதுகில் ஓர் அடி போட்டாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கதவு தட்டினார்கள். அதே ஐந்து வீடு, அதே ஐந்து மங்கு. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீஹூன் கோரேங் என்கிற வறுத்த அரிசிச் சேமியா, இட்லியும் கோழிக் குழம்பும், சம்பல் நெத்திலி, ஒன்றில் மிச்சமான ஆட்டுக்கறி. "மனசுக்குப் பத்தியம் கெடையாதாம், நான் எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன் லா" என்றாள் ஸ்டெல்லா. யாரும் கிரேஸிடம் ஏன், எதனால் என்று கேட்கவில்லை. மங்குகளைத் திருப்பிக் கொடுக்கக் கிரேஸே வீடு வீடாகப் போனாள். போனவள் திரும்பிவர இரண்டரை மணி நேரமாகியது.

திங்கள் காலை பத்து மணிக்குச் சூசையின் வேனில் கீழே இறங்கினோம். கல்யாணப் பந்தியில் அவரும் இருந்தார்.  லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு எதிரில், பெத்தாய் காய் தொங்கவிட்டிருக்கும் கடைகளின் பக்கம் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு என்னை விட்டுவிட்டுக் கிரேஸின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? எம் மவன் பினாங்குல படிக்கிறான். நாலு மாசமா வீட்டுக்கு வர்றதில்ல. போன் அடிச்சா 'பிசிப்பா'ன்னு வச்சிடறான். கேக்குறவங்களுக்கு மைக்ரேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒங்கப்பா விசயம் தெரிஞ்ச அன்னிக்கு ஒன்ன மொதல்ல என்னா கேட்டாரு?"

வேனிலிருந்து குதித்து அருவியில் விழுந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. ஏனென்றால் அன்று நான் கேட்டது எனக்குத் தெரியும்.

"எந்த ரூட்டு, எத்தன மணி பஸ்ஸு, எந்த சீட்டுன்னு கேட்டாரு" என்றாள் கிரேஸ்.

சூசை விழித்தார். "அதயா கேப்பாங்க?"

"அப்பா பஸ் டிரைவர்ல. அவருக்கு வேற என்ன கேக்கறதுன்னு தெரியல." கொஞ்சம் சிரித்தாள். "ஆனா அங்கிள், 'ஏன்'னு கேட்டிருந்தா எனக்கு ஆன்சர் தெரியாது. சீட்டு தெரியும். லெஃப்ட் சைடு, பின்னாலருந்து மூணாவது. அதச் சொன்னேன். சொன்னப்புறம் மத்ததும் வந்துச்சு."

நான்கு மாதமாக அந்தக் கேள்விக்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டிருந்தேன். மகள் அழுதுகொண்டு நிற்கிறாள், அப்பன் ரூட் நம்பர் கேட்கிறான் என்று. அது ஒரு வாசலாக இருந்தது என்று அவள் எனக்குச் சொல்லவே இல்லை. வேறு யாருக்கோ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சூசை போனை எடுத்துக்கொண்டு அருவிப் பக்கம் நடந்தார். தண்ணீர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"என்னா சாப்டேன்னு கேட்டேன். மேகி மீயாம். மூணு நாளா அதுதானாம். வேற ஒண்ணும் சொல்லல. ஆனா வைக்கல, பாத்தியா? போன வைக்கல. சனிக்கிழம போறேன் நான், பினாங்குக்கு."

12:40 ரயிலுக்கு 35 நிமிடம் முன்னதாகவே எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இரவில் 16 டிகிரி வரை இறங்கும்; ஒரு ஸ்வெட்டர் போதும், மெல்பர்ன்காரர்களுக்கு அதுவும் வேண்டாம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவில் அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். காய்கறி, பூ வாங்க ஆசைப்பட்டால் திரிங்காப் பக்கம் போங்கள், விலை குறைவு. தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரின் சீட்டோடு, இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். பாதியைக் கைப்பையில் வையுங்கள். தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொன்று: உறவுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லலாமா கூடாதா என்பது அவர்கள் முடிவு. நான் கேட்கவில்லை. என் மகள் அதை ஆட்டுக்கறிக்காகத் தானே எடுத்துக்கொண்டாள், என் அதிர்ஷ்டம். எல்லா வீட்டிலும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். தலையைத் தடவிவிட்ட அந்த ஐந்து வீட்டுக்கும், ஸ்டெல்லாவுக்கும், சூசைக்கும், டிப்போவில் வாயைத் திறந்த அந்தப் பஞ்சாபிக்காரருக்கும் நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

கிரேஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனவே இதைப் போடுவதற்கு முன் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தாள். பட்டியலைப் பற்றிய வரி வந்தபோது, "இருக்கட்டும், எடுக்க வேணாம்" என்றாள். கடைசி வரியாக நான், "இப்போது கிரேஸ் பூரணமாகக் குணமாகிவிட்டாள்" என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டதும் கை நீட்டி நிறுத்தினாள்.

"அது இன்னும் இல்லப்பா. எடுத்துடுங்க."

"வேற என்னம்மா எழுதட்டும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன். வியாழக்கிழமை மாலை 4:20க்கு அவள் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அப்பா கூட்டிக்கொண்டு போகிறார். இந்தத் தடவை அவரும் உள்ளே வரலாம்.